பாதிச் சவரம்

1934 ஜூலை 30, திங்கள்

இந்த நோட்டின் முன்பக்கம் பிரசவக் குறிப்புகளுக்கு. எந்தத் தெரு, யார் வீடு, எத்தனையாவது மாதம், முதலில் கண்டுபிடித்தது யார், ஆணா பெண்ணா, எல்லாம் நம்பர் போட்டு எழுதியிருக்கிறேன். மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் மருத்துவச்சி வேலை படித்தபோது டாக்டரம்மா பழக்கிய பழக்கம். இன்றிலிருந்து நோட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் என் வயிற்றெரிச்சலை எழுதப் போகிறேன். வாய்விட்டுச் சொன்னால் இந்தக் கடம்பாறை சமஸ்தானத்தில் நாக்கு மிஞ்சாது.

என் கொழுந்தன் வைகுண்டத்தைக் கொன்றுவிட்டார்கள். பத்து வயசிலிருந்து என் கையால் சோறு வாங்கித் தின்றவன். போன சித்திரையில் கடைவீதியில் ஒரு சலூன் வைத்தான். ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி. முதலில் வந்தவர் முதலில் உட்காரலாம் என்றான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். சேரிக்காரன் உட்கார்ந்த நாற்காலியில் நாங்கள் உட்காருவதா என்று மேலத்தெருக்காரர்கள் அரண்மனைக்கு ஓடினார்கள். மகாராஜா சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டே "இருபது அடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம். யானை கட்டும் தூணில் கட்டி, புளியம் விளாரால் அடித்தார்கள். மகாராஜாவின் தம்பி சின்னத்துரை பக்கத்தில் நின்று எண்ணினார். பதினாலுக்குப் பிறகு எண்ணிக்கை தப்பிவிட்டது என்று மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அது ஜூலை மூன்று, செவ்வாய். மகாராஜாவுக்குத் திங்களும் புதனும் சவரம். என் வீட்டுக்காரர்தான் அரண்மனை நாவிதர், அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே வேலை. பூவலிங்கம் என்று பேர். எழுதிவிட்டேன், என்ன, கையா வெந்துவிட்டது? மறுநாள் காலை ஆள் வந்தது. அவரும் போனார். தம்பி முதுகு கிழிந்து குப்புறக் கிடக்கும்போது, கிழிக்கச் சொன்னவர் கழுத்தில் நுரை பூசிவிட்டு வந்தார். மீசை நுனியை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடச் சொன்னாராம் மகாராஜா. அன்று நான் இவருக்குச் சோறு போடவில்லை.

ஒன்பதாம் நாள் வைகுண்டம் போய்விட்டான். கிராம முன்சீப் காலரா என்று எழுதினார். அந்த முதுகைக் கழுவிக் கழுவிச் சீழ் எடுத்தவள் நான். காலரா முதுகில் வருமா?

தீட்டு கழிந்து இன்று மறுபடி சவரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். போகாமல் என்ன செய்ய என்று கேட்டார்.

ஆகஸ்டு 2, வியாழன்

கீழத்தெரு தாயம்மைக்கு நாலாவதும் பெண். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தரிக்கோலை வேகவைத்த பானையில் அவளையும் போட்டு எடுக்கலாம் போல வந்தது.

மத்தியானம் கருவாட்டு வாசம் குடலைப் புரட்டியது. கருவாட்டை ஒழுங்காகக் காயவைக்கக்கூட ஆளில்லாத ஊர்.

ஆகஸ்டு 8, புதன்

ஊருக்கெல்லாம் மழிக்கிற மனுஷன் தன் முகத்தை மழிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்றே "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். துக்கம் என்று நினைத்தேன். இன்றைக்குத் தாடி விரலுக்குப் பிடிபடும் அளவு வந்துவிட்டது. அவருடைய தாய்மாமா கேட்டார்: "ஏ மாப்பிள்ள, நாவிதனே தாடி வச்சா நல்லாவா இருக்கு?"

"இருந்துட்டுப் போவட்டும் மாமா" என்றார். சொன்னபோது அவர் பார்வை என் மேல் இருந்தது.

எனக்குச் சிறு வயசிலிருந்து தெரியும், ஆம்பிளை எப்போது இப்படி முடி வளர்ப்பான் என்று. பழி முடிக்கும்வரை கத்தி வைக்க மாட்டேன் என்று மனசுக்குள் சபதம் செய்தவன்தான் வளர்ப்பான்.

செய்யட்டுமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை என்று பொய் எழுத மாட்டேன். வாரம் இரண்டு தரம் அந்தக் கழுத்து இவர் கைக்குள்தான் இருக்கிறது. பிறகு தூக்குமேடை நினைப்பு வந்தது. ஒருத்தனை இந்த அரண்மனைக்குக் கொடுத்தது போதாதா?

ஆகஸ்டு 16, வியாழன்

சின்னத்துரை எங்கள் வீட்டுக்கு வந்தார். உச்சி வெயிலில், குதிரையைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். முகம் மழிக்க வந்ததாகப் பேர். நான் அடுப்படியில் நின்றேன். நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான். நாங்கள் எல்லாம் செவிடு என்று இவர்களுக்கு எண்ணம்.

"ஏலே பூவலிங்கம், ஒந்தம்பி சாவு எனக்கே தாங்கல. அண்ணன் சொன்னா நான் என்ன செய்ய முடியும்? அவரு இருக்கிற வரைக்கும் இந்த ஊருக்கு விடிவு கெடையாது" என்றார். அடியை எண்ணின வாய்.

"வர்ற புதன்கெழமை காவக்காரனுவ ரெண்டு பேரையும் வேற சோலிக்கு அனுப்பிருதேன். உள்ள நீயும் அவரும்தான். ஒரே ஒரு இழுப்பு. வாசல்ல வண்டி நிக்கும். மத்தியானத்துக்குள்ள திருவாங்கூர் எல்லையத் தாண்டிருவ. நான் பட்டத்துக்கு வந்ததும் ஒந்தம்பி பேருலயே சலூன் வச்சுத் தாரேன்."

இவர் கத்தியைக் கழுவித் துடைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "புதன்கெழமையா எஜமான்?" என்று கேட்டார்.

"புதன்கெழமை."

"சரி எஜமான்."

சரியாம்! சந்தைக்கு வருகிறாயா என்று கேட்டதுபோல ஒரு சரி.

ஆகஸ்டு 18, சனி

கேட்டுவிட்டேன். "சின்னத்துரை எதுக்கு வந்தாவ?"

"சும்மாதான்."

"சும்மா வந்து ஒக்கார இது என்ன சத்திரமா?"

தோல்வாரில் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். மகாராஜாவுக்கென்று தனியாக வைத்திருக்கும் தந்தப்பிடிக் கத்தி. கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். "நீ வெயில்ல அலையாத ஆவுடை. ஒடம்பப் பாத்துக்கோ" என்றார்.

ஒடம்பைப் பாத்துக்கணுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் தோல்வாரைப் பிடுங்கி எறிந்தேன். அவர் எழுந்து போய் எடுத்துவந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி தீட்டினார்.

யாரிடம் சொல்ல? மகாராஜாவிடம் சொன்னால் முதலில் உருளுவது என் வீட்டுக்காரர் தலை. போலீசில் சொன்னால் காலரா என்று எழுதினவர்களின் சிநேகிதர்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். இவரிடமே சொல்லி அழலாம் என்றால், வைகுண்டம் போனதிலிருந்து இவர் வாயைத் திறந்தால் அதிசயம்.

ஆகஸ்டு 21, செவ்வாய்

இன்று நான் செய்ததை எழுதுகிறேன்.

ராணியம்மா கூப்பிட்டு அனுப்பினார். குமுதவல்லி நாச்சியார், இருபத்தொன்பது வயசு, கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. மாமியார் வரும் தை மாதத்தில் கட்டிவைக்க மகாராஜாவுக்கு இரண்டாவது பெண் பார்த்து வைத்திருக்கிறாள். ராணியம்மாவுக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருந்தது. அவருக்கு எப்போதும் அப்படித்தான், பத்து நாள் தள்ளும், பதினைந்து நாள் தள்ளும், பிறகு வரும். போன வருஷம் மூன்று தடவை இதே மாதிரி கூப்பிட்டு, மூன்று தடவையும் நான் இல்லை என்று சொல்லி, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கையைப் பிடித்து நாடி பார்த்தேன். வயிற்றைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் பன்னிரண்டு நாளில் எந்த மருத்துவச்சி கைக்கும் தெரியாது. நாளைக்குப் புதன்கிழமை என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் சீமையில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷனுக்கு மூன்று விலக்கு. பிணத்துக்குத் தோள் கொடுக்கக் கூடாது. ஓர் உயிரைக் கொல்லக் கூடாது, பாம்பாக இருந்தாலும். பிள்ளை பிறக்கும்வரை முடி எடுக்கக் கூடாது, முகத்தில் சவரக்கத்தி படக் கூடாது.

"ராணியம்மா, முழுகாம இருக்கிய" என்றேன்.

அவர் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. பிறகு சீனியைக் கொண்டுவரச் சொல்லித் தன் கையாலேயே என் வாயில் போட்டார். எங்கள் தெரு ஆளுக்கு அந்த வீட்டில் யாரும் கையால் எதுவும் கொடுத்தது கிடையாது, மேலே இருந்து போடுவார்கள். ஒரு பட்டுச்சேலையும் கொடுத்தார். சாயங்காலம் மகாராஜா குலதெய்வம் கோயிலில் கத்தி தொடமாட்டேன் என்று சங்கல்பம் செய்துவிட்டாராம்.

முன்பக்கத்தில் நம்பர் 213 என்று போட்டு எழுதிவிட்டேன். ராணியம்மாவுக்காக நான் வருத்தப்படவில்லை. அவளும் அந்த வீட்டுக்காரிதான். சீனி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஆகஸ்டு 22, புதன்

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். நான் ஒன்றும் தெரியாதவள்போல அரிசி எடுக்கப் பானைக்குள் கையை விட்டேன். அடியில் துணி சுற்றின ஏதோ ஒன்று. பிரித்தால் தந்தப்பிடிக் கத்தி.

இது இங்கே இருக்கிறது என்றால், இதைவிடக் கூரானது ஒன்றைக் கொண்டு போயிருக்கிறார். முடித்துவிட்டு ஓடும்போது வழித்துணைக்கு இது. எவ்வளவு யோசித்திருக்கிறார்! தம்பி உயிரோடு கிடந்தபோது இந்த யோசனை எல்லாம் எங்கே போயிருந்தது? சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அரை நாழிகையில் திரும்பி வந்தார். "மகாராஜாவுக்கு இனிமே சவரம் கெடையாதாம். ராணியம்மா முழுகாம இருக்காவளாம்" என்றார்.

"அப்படியா" என்றேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு பாயை விரித்துப் படுத்தவர், ஒன்றரை மாதமாகத் தூங்காதவர், சாயங்காலம்வரை குறட்டைவிட்டுத் தூங்கினார். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாத அலுப்பு.

ஆகஸ்டு 30, வியாழன்

சின்னத்துரையின் ஆள் வந்து தெருவில் நின்று காறித் துப்பிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 5, புதன்

விறகுக் குவியலில் நல்ல பாம்பு. நான் கத்தினேன். இவர் கம்பை எடுத்தார், ஓங்கினார், இறக்கிவிட்டார். கம்பால் தள்ளித் தள்ளி வயக்காடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அரை மணி நேரம்.

"அடிச்சுப் போட வேண்டியதுதான?" என்றேன்.

"அது பாட்டுக்குப் போகுது" என்றார்.

மனுஷன் கழுத்தை அறுக்கத் துணிந்தவருக்குப் பாம்பின் மேல் பரிவு! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இப்போது ஒரு புதுக் கூத்து: கிணற்றிலிருந்து குடத்தை அவரே தூக்கி வருகிறார். தெருவே சிரிக்கிறது. புளியம்பிஞ்சு பறித்துவந்து அடுப்புத் திண்டில் வைக்கிறார். குற்ற உணர்ச்சி இருக்கிறவன் இப்படித்தான் தாஜா பண்ணுவான். புளியம்பிஞ்சை மட்டும் தின்றேன். பிஞ்சு என்ன பாவம் செய்தது.

கத்தி பானையிலேயே இருக்கிறது. தினம் கைவிட்டுப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 14, வெள்ளி

ராணியம்மாவுக்கு வந்துவிட்டது.

என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "கலஞ்சுபோச்சா ஆவுடை?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அதற்குத்தான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை.

"கலஞ்சுதா, இல்ல இருந்ததே இல்லையா?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் சொன்ன?"

"மகாராஜா கழுத்துக்கிட்டக் கத்தி போகக் கூடாதுன்னு சொன்னேன் ராணியம்மா."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கழுத்துக்கிட்டப் போகிற கத்தி ஒன்றுதான், அதைப் பிடிக்கிற கையும் ஒன்றுதான். அவர் முட்டாள் இல்லை. நான் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார்.

"இந்த இருபத்தஞ்சு நாளா வயித்துல கைய வச்சுப் பேசிக்கிட்டு இருந்தேன் ஆவுடை" என்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. யாருட்டயும் சொல்லாத. நானும் சேந்தே பொய் சொல்லுதேன். அவரு தாடியோடவே இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து இவரைப் பார்த்ததும் கையில் இருந்த சொம்பை வீசி எறிந்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உங்களால்தான், உங்கள் பாழாய்ப்போன சபதத்தால்தான், ஒரு நல்லவள் வயிற்றில் நான் மண்ணைப் போட்டேன். இதைச் சொல்லவில்லை. தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். சொம்பு பட்ட நெற்றியோடு அவர் ஓடிவந்து என்னைப் பிடித்தார்.

அக்டோபர் 2, செவ்வாய்

முன்பே நம்பர் போட்டு வைத்திருந்த இரண்டு பிரசவம், இரண்டும் சுகம். பாவாடை நாடா இறுக்குகிறது. சோற்றைக் கண்டால் பிடிக்காதவளுக்கு இடுப்பு மட்டும் எப்படிப் பெருக்கிறதோ, வாயுதான். எனக்கே மூன்று மாதமாக வரவில்லை. துக்கத்தில் உடம்பு நாள் மறந்துபோகும், எத்தனை பெண்களிடம் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒன்று செத்துப் பிறந்தபோதே, இனி உனக்குக் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லியாயிற்று.

அக்டோபர் 17, புதன்

ஆயுத பூஜை. கத்தரிக்கோல், சீப்பு, கிண்ணி, படிகாரம், கத்திகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். வைகுண்டத்தின் சலூன் கண்ணாடிச் சில்லு ஒன்றையும் எடுத்துவைத்துப் பொட்டு வைத்தார். தந்தப்பிடிக் கத்தியை மட்டும் பானையிலிருந்து எடுக்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறார்?

அக்டோபர் 18, வியாழன்

விஜயதசமி. மகாராஜா குதிரைமேல் வந்து வாழைமரத்தில் அம்பு போட்டார். மரியாதை வெடி வெடிக்கும் சமயம் பார்த்துச் சின்னத்துரை துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குறி பார்க்கவும் துப்பில்லை. குண்டு வெண்கொற்றக் குடையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. ஆட்கள் அவரை மண்ணில் போட்டு அமுக்கினார்கள். அமுக்கும்போது அவர் கத்தினதை ஊரே கேட்டது.

"அந்த நாவிதப்பய கோட்டை விட்டுட்டான்! ஆவணியிலேயே முடிஞ்சிருக்கும்! அந்த மருத்துவச்சி சிறுக்கி பிள்ளைப் பொய் சொல்லிக் கெடுத்தா!"

தெரிந்து சொன்னாரோ ஊகித்துச் சொன்னாரோ, கூட்டம் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. இவர் என்னை மட்டும் பார்த்தார்.

வீட்டில் இருந்து வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. வாசலில் இரண்டு காவல். உள்ளே நாங்கள் இரண்டு பேர்.

"பொய்யா சொன்ன?" என்று கேட்டார்.

"ஆமா. ஒங்க தலைக்காகத்தான் சொன்னேன்."

ஏதோ சொல்ல வந்தார். காவல்காரன் எட்டிப் பார்த்தான். அதோடு பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

அக்டோபர் 22, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் ஆள் வந்தது. சவரத்துக்கு வரச் சொல்லி மகாராஜா உத்தரவு, என்னை ராணியம்மா கூப்பிடுகிறார் என்றும் உத்தரவு. சவரம் என்ற வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை இல்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. இவர் அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் தந்தப்பிடிக் கத்தியை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினார். நான் கையைப் பிடித்தேன். "வேண்டாம்ங்க" என்றேன். "வா" என்றார், அவ்வளவுதான்.

ராணியம்மா என்னைத் திரைக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். முகம் வீங்கியிருந்தது. "நான் சொல்லிட்டேன் ஆவுடை. ரெண்டாங் கல்யாணத்துக்குப் பயந்து நானாத்தான் பொய் சொன்னேன், நீ என் பேச்ச நம்பினன்னு சொல்லிட்டேன். நாளைக்கு என்னைப் பெறந்த வீட்டுக்கு அனுப்புதாவ" என்று காதில் சொன்னார். என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

திரை இடுக்கில் தெரிந்தது. மகாராஜா நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டியிருந்தார். காவலை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்.

"பூவலிங்கம், தம்பி ஒம்பேரச் சொல்லுதான். என்னால நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல. செரை. இன்னைக்குத் தெரிஞ்சு போகும்."

வீம்பு. சாகும் இடத்திலும் வீம்பு. இவர் நுரை பூசினார். கழுத்திலிருந்து ஆரம்பித்தார். கத்தி தொண்டைக் குழியில் நின்று நின்று ஏறியது. முடி விழும் சத்தம்கூடக் கேட்பதுபோல இருந்தது. ராணியம்மா நகம் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது, ரத்தம் கண்டதைப் பிறகுதான் பார்த்தேன். முகவாய் முடிந்தது. வலது கன்னம் முடிந்தது.

"நீ ஏம்ல தாடி வச்சிருக்க? சபதமா?" என்று கேட்டார் மகாராஜா, கண்ணைத் திறக்காமல்.

"மொதல்ல சபதந்தான் எஜமான். தம்பிய எரிச்சுட்டு வந்தப்போ, ஒங்க கழுத்த அறுத்துட்டுத்தான் மழிக்கணும்னு நெனச்சேன்."

மகாராஜா கண்ணைத் திறந்தார்.

"அப்புறம் எம்பெண்டாட்டி முழுகாம இருக்கான்னு கண்டுக்கிட்டேன். அவளுக்கே தெரியாது. ரெண்டு மாசமாக் கொடியில தீட்டுத்துணி காயல, கருவாட்டக் கண்டா ஓடுதா. சின்னத்துரை எஜமான் வந்தப்போ சரின்னேன், மாட்டேன்னா அப்பவே எந்தலை போயிருக்கும். ஆனா அந்தப் புதன்கெழம கத்திய அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டு வெறும் பெட்டியோடதான் வந்தேன். பிள்ளத்தாச்சி புருசன் உயிரெடுக்கக் கூடாதுல்லா. ஒங்க மேல எரக்கமில்ல எஜமான். எம்பிள்ள மேல பயம். அதுலதான் நீங்க பொழச்சிய."

ராணியம்மா என் பக்கம் திரும்பினார். நான் என் வயிற்றைப் பார்த்தேன். பாவாடை நாடா. புளியம்பிஞ்சு. குடம். பாம்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பிரசவம் பார்த்த கழுதை நான்.

ராணியம்மா கை என் கையை விட்டது. விட்டுவிட்டு, மெதுவாக என் வயிற்றின் மேல் வந்து வைத்தது. திட்டியிருக்கலாம். சபித்திருக்கலாம். அந்தக் கை அங்கேயே இருந்தது.

திரைக்கு வெளியே இவர் கத்தியைத் துடைத்து மடக்கினார்.

"மிச்சம்?" என்றார் மகாராஜா. இடது கன்னத்தில் இரண்டு மாதத் தாடி அப்படியே இருந்தது.

"வைகுண்டத்துக்குக் கடைசிச் சவரம் பண்ணினதும் நாந்தான் எஜமான், பாடையில வச்சு. அவன் முகம் முழுசாப் பண்ணினேன். ஒங்களுக்கு இது போதும். மிச்சத்த நீங்களே பாத்துக்கிடுங்க."

பாதி முகம் மழித்து ஊர்வலம் விடுவது இந்தச் சமஸ்தானத்தில் திருடனுக்குக் கொடுக்கிற தண்டனை. அரண்மனை உத்தரவின்படி எத்தனை பேருக்கு இவர் கையாலேயே செய்திருக்கிறார். மகாராஜா எழுந்தார், கதவுவரை போனார், கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார், நின்றுவிட்டார். கூப்பிட்டால் காவல்காரன் வருவான், வந்தால் பார்ப்பான். மிச்சத்தை எடுக்க அடுத்த ஊர் நாவிதன் வரச் சாயங்காலம் ஆகும்.

இவர் திரையை விலக்கி, "வா ஆவுடை" என்றார். வாசல் காவலிடம், "மகாராஜா எங்களப் போகச் சொல்லிட்டாவ. கூப்பிடுத வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதாம்" என்று சொன்னார். பதினொரு மணி பஸ் கடைவீதியில் நின்றது. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. சவரப் பெட்டி இருக்கிறது, என் மருத்துவப் பையும் இந்த நோட்டும் இருக்கிறது.

அக்டோபர் 27, சனி

தூத்துக்குடி. துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ஒரு அறை. இவர் சுமை தூக்குகிறவர்களுக்கு ரோட்டோரத்தில் சவரம் பண்ண ஆரம்பித்துவிட்டார். முதலில் வந்தவர் முதலில் உட்காருகிறார்.

ஐந்து நாளாகச் சண்டை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டால், "மருத்துவச்சி நீ. ஒனக்கு நானா சொல்லணும்? நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். ஒருவாட்டி செத்துப் பொறந்ததுல பேசப் பயந்துட்டியோன்னு நெனச்சேன்" என்கிறார். "நான் அறுத்துருவேன்னா நெனச்ச?" என்றும் கேட்கிறார். கோபமாகக் கேட்டால் பதிலுக்குக் கத்துவேன். கோபமில்லாமல் கேட்கிறார். பதினேழு வருஷம் கூட இருந்த மனுஷனை நான் கொலைகாரன் என்று நம்பினேன்.

கடம்பாறையிலிருந்து உப்பு ஏற்ற வந்த வண்டிக்காரன் சொன்னான். ராணியம்மாவைச் செவ்வாய்க்கிழமையே மூடுபல்லக்கில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கல்யாணத்தைத் தையிலிருந்து கார்த்திகைக்கு மாற்றிவிட்டார்களாம். மகாராஜா முகம் வழவழ என்று இருக்கிறதாம்.

இன்று காலை உள்ளே ஒரு துடிப்பு. வாயு இல்லை. நோட்டை முன்பக்கம் திருப்பி எழுதினேன்:

நம்பர் 214. ஆவுடை, வயசு முப்பத்துமூன்று. இரண்டாம் பேறு. ஐந்தாம் மாதம். முதலில் கண்டுபிடித்தது: புருஷன்.

அதற்கு மேலே 213 இருந்தது. 'ராணி குமுதவல்லி நாச்சியார், முதல் பேறு, இரண்டாம் மாதம்' என்று என் கையெழுத்தில். அதை அடித்தேன். பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது. கிழிந்த இடத்துக்குக் கீழே எழுதினேன்:

பேறு இல்லை. மருத்துவச்சி சொன்ன பொய். காரணம்: தன் புருஷனை நம்பவில்லை.